கோர்ஃபக்கானில் ஒரு பச்சைச் சட்டை

மறுபடியும் அதே பச்சைச் சட்டை!

காலையில் நாகவள்ளி அதைக் கடற்கரையில் பார்த்தாள்... அப்புறம் அருவியில்... அப்புறம் பழைய சந்தையின் டீக்கடை வாசலில்... இப்போது ஊரைவிட்டுத் தள்ளி, மலைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிற இந்த அணை வரைக்கும் வந்து நிற்கிறது. கிளிப்பச்சை. அமீரகம் முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இந்த நிறத்தில் சட்டை போட இன்னொரு ஆண் கிடைக்கமாட்டான்.

'இது தற்செயல் இல்லை... என் பின்னாடிதான் வர்றான்.'

ஒரு நாள் நிம்மதியாகச் சுற்றலாம் என்றுதான் அவள் வந்திருந்தாள். கம்பத்திலிருந்து வந்து இரண்டு வருடம் ஓடிவிட்டது. துபாய் தேராவில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிற வேலை. ஷார்ஜா ரோலாவில், திரை போட்டுப் பிரித்த ஓர் அறையில் ஒரு கட்டில். கட்டிலுக்கும் கடைக்கும் நடுவில் பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். அவள் அறிந்த துபாய் அவ்வளவுதான். "வெளிநாட்டுல இருக்கேன்னு பேரு, நாலு எடம் பாத்தியாடி?" என்று வீடியோ காலில் அம்மா கேட்டபோது, ஜன்னல் வழியே தெரிந்த எதிர்க் கட்டடத்தின் ஏசி வரிசையைத்தான் காட்ட முடிந்தது.

அதனால்தான் இந்த வார லீவில், அறைத்தோழிகள் டியூட்டிக்குக் கிளம்பிய கையோடு இவளும் கிளம்பி, ஜுபைல் பஸ் நிலையத்தில் கோர்ஃபக்கான் பஸ் ஏறிவிட்டாள். தனியாக! பாலைவனம் மெல்ல மலையாக மாறி, மலை திடீரென்று விலகி, கடல் வந்து முகத்தில் அடித்தபோது வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். வானத்தில் அபூர்வமாக மேகம் வேறு. மண்ணும் மலையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மழைக்குக் காத்திருந்த மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம்... கனவுக்குள் நடப்பதுபோல இருந்தது.

அந்தக் கனவின் ஓரத்தில்தான் இந்தப் பச்சைக் கறை.

பயந்து ஓடுகிற பெண் இல்லை அவள். ஆனால் போன வருடம் ரோலாவில் ஒருவன், பஸ் நிறுத்தத்திலிருந்து கட்டட வாசல்வரை வாரக்கணக்கில் பின்தொடர்ந்தான். அப்போது யாரிடமும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். இனி ஒருத்தன் வரட்டும், சும்மா விடமாட்டேன் என்று அன்றைக்கே தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

நேரே போய் அவன் முன்னால் நின்றாள். கோபத்தில் ஹிந்தி மறந்துபோய்த் தமிழே வந்தது.

"ஹலோ! உங்களைத்தான். காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். நான் எங்கிட்டுப் போனாலும் வர்றீங்க. என்ன வேணும் உங்களுக்கு?"

அவன் திரும்பிப் பார்த்தான். தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். யாரும் இல்லை. தண்ணீரில் மிதிபடகுகள் வாத்துக்கூட்டம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தன.

"என்னோடயா கதைக்கிறியள்?"

தமிழன்தான்! ஆனால் இது என்ன தமிழ்?

"கதையெல்லாம் இங்க வேணாம். பதில் சொல்லுங்க."

"இல்லை... நான் கதைக்கிறது என்னெண்டால்..." அவன் தடுமாறினான். "நீங்கள் என்னை ஆரோ எண்டு பிழையா நினைக்கிறியள். வடிவா ஒருக்கா யோசிச்சுப் பாருங்கோ."

அவளுக்குக் காது மடல் சூடாகிவிட்டது. "வடிவாவா? என் வடிவைப் பத்தி நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்!"

"ஐயோ... அந்த வடிவு இல்லை... வடிவா எண்டால்..."

அவன் கையை ஆட்டி ஆட்டி விளக்க, அவள் கேட்கிற நிலையில் இல்லை. வண்டிகள் நிற்கும் இடத்தில் ஒரு போலீஸ் வாகனம் கண்ணில் பட்டது. விறுவிறுவென்று நடந்தாள். உள்ளே இருந்த இளம் அதிகாரி கண்ணாடியை இறக்கினார். நாகவள்ளி கையை நீட்டிக் காட்டினாள். அந்தப் பச்சைச் சட்டை. காலையிலிருந்து. எல்லா இடத்திலும்.

அதிகாரி அவளை நிழலிருக்கையில் உட்காரச் சொல்லிவிட்டு இறங்கிப் போனார். குரல் உயரவில்லை, முகம் சுளிக்கவில்லை. அடையாள அட்டையை மட்டும் கேட்டு வாங்கினார்.

நாகவள்ளி தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன் என்ற தெம்பு. ஆதாரம் கேட்டால் காட்டலாம் என்று போனை எடுத்து, காலையில் எடுத்த படங்களைப் புரட்டினாள்.

கடற்கரைப் படம். பஸ்ஸை விட்டு இறங்கியதும், ரோட்டைத் தாண்டுவதற்கு முன்பே ஆசை தாளாமல் எடுத்தது. நீலக்கடல்... வெள்ளை மணல்... அந்த மணலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற ஒரு பச்சைப் புள்ளி.

அவள் விரல் நின்றது.

'நான் இறங்கும்போதே அங்கே உட்கார்ந்திருக்கிறானே...'

அடுத்தது அருவி. இவள் இப்போதுதான் வந்து சிரித்தபடி நிற்கிறாள். பின்னால் அவன், சாரலில் தலைமுடி முழுக்க நனைந்துபோய். சந்தைப் படத்தில் அவன் கையில் இருந்த டீ பாதிக்குமேல் காலியாகியிருந்தது.

ஒவ்வோர் இடத்திலும் அவன் முன்னாலேயே வந்திருக்கிறான். ஒவ்வோர் இடத்துக்கும் இவள்தான் பின்னால் போயிருக்கிறாள். கோர்ஃபக்கானுக்கு ஒரு நாள் பயணம் வருகிற எல்லோருக்கும் இருப்பது இந்த ஒரே சுற்றுதான்... கடல், அருவி, சந்தை, அணை. இது ஏன் எனக்குத் தோன்றவே இல்லை?

தலை நிமிர்ந்தாள். தூரத்தில் அவன் போலீஸ்காரர் முன்னால் நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டையும் பக்கவாட்டில் ஒட்டி, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. அந்தக் கைகள் நடுங்குவது இங்கிருந்தே தெரிந்தது.

பெண்ணின் புகார் ஒன்று போதும்... வேலை போகும், விசா போகும். கடைக்கு வருகிறவர்கள் பேசிக் கேட்டிருக்கிறாள்.

நாகவள்ளி ஓடினாள். துப்பட்டா தோளைவிட்டு நழுவியது தெரியாமல் ஓடினாள்.

"சார்... மை மிஸ்டேக், சார்! இவர் ஒண்ணும் பண்ணல. நான்தான்... ப்ளீஸ், சார்..." இங்கிலீஷும் ஹிந்தியும் தமிழும் கலந்து கொட்டியது. போனை நீட்டினாள். படம் படமாகக் காட்டினாள்.

அதிகாரி பொறுமையாகப் பார்த்தார். கடைசிப் படத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சோ, சிஸ்டர், யூ ஆர் ஃபாலோயிங் ஹிம்," என்றார். அட்டையை அவனிடம் நீட்டினார். "கலாஸ், முடிஞ்சுது. நோ ப்ராப்ளம். மழை வரப்போகுது, ரெண்டு பேரும் என்ஜாய் பண்ணுங்க," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு வண்டிக்குத் திரும்பினார்.

அவன் அட்டையைப் பர்ஸுக்குள் வைக்கப் பார்த்தான். விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. அட்டை கீழே விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். ஜெயரூபன். ஸ்ரீலங்கா.

"ஸாரிங்க... நான்... எப்படிச் சொல்றதுன்னே தெரியல..."

"பறவாயில்லை."

அவள் முகத்தைப் பார்க்காமல் அட்டையை வாங்கிக்கொண்டான். அந்த ஒரு கணம்தான்... அவன் கண்களை அவள் பார்த்தது. தினமும் எத்தனையோ கண்களைப் பார்க்கிறவள். சிவந்த கண், வறண்ட கண், புரை விழுந்த கண்... இப்படி ஒரு கண்ணை அவள் பார்த்ததில்லை. அழவில்லை. கோபம்கூட இல்லை. யாரோ உள்ளேயிருந்து அவசரமாகக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருந்தது.

அவன் நடந்தான். முதல் துளி அவள் நெற்றியில் விழுந்தது.

அப்புறம் சடசடவென்று மழை! அணைக்கரையே ஆரவாரித்தது. கார்கள் ஹாரன் அடித்தன. வெள்ளை கந்தூரா அங்கி போட்ட அரபுச் சிறுவர்கள் கைகளை விரித்துக்கொண்டு மழைக்குள் ஓடினார்கள். இந்த ஊரில் மழை வந்தால் யாரும் ஒதுங்குவதில்லை, மழையைத் தேடி வெளியே வருவார்கள். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டிருந்த அந்த மழையில், அவள் ஒருத்திதான் அழுதாள். நல்லவேளை, மழையில் அது யாருக்கும் தெரியவில்லை.

டாக்ஸி ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. பஸ் நிலையத்துக்கு இரண்டு பேரும் என்று தெரிந்ததும், பாகிஸ்தான் பட்டாணி டிரைவர் "சலோ சலோ, ஏக் ஹி ராஸ்தா!" என்று, ஒரே வழிதானே என்கிற மாதிரி இருவரையும் ஏற்றிக்கொண்டார். அவன் முன்னால், அவள் பின்னால். வைப்பர் சத்தம் தவிர வேறு பேச்சில்லை.

பஸ்ஸிலும் அப்படித்தான். பெண்களுக்கான முன்னிருக்கையில் அவள், கடைசி வரிசையில் அவன். திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. பார்க்கவில்லை.

மலைப்பாதையில் பஸ் நின்றுவிட்டது.

மழைத்தண்ணீர் மலையிலிருந்து இறங்கி, செந்நிறத்தில் ரோட்டைக் குறுக்கே கடந்து ஓடிக்கொண்டிருந்தது. காலையில் வெறும் கல்லாகக் கிடந்த பள்ளம்... இப்போது ஆறு! தண்ணீர் வடியும்வரை போக முடியாது என்றார் டிரைவர். மழை தூறலாகக் குறைந்திருந்தது. எல்லோரும் திருவிழாவுக்கு வந்த மாதிரி இறங்கி வீடியோ எடுக்கப் போனார்கள்.

அவன் கூட்டத்தை விட்டு விலகி, ரோட்டோரத் தடுப்பில் சாய்ந்து நின்றான். அவள் பக்கத்தில் போனாள். ரொம்பப் பக்கத்தில் இல்லை... ஒரு ஆள் தள்ளி.

"நான் பின்னாடி வந்துட்டேன். இப்ப நீங்க போலீஸைக் கூப்பிடலாம்," என்றாள்.

அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது. அப்பாடா!

"உங்கட பேர்?"

"நாகவள்ளி."

"ம்... கொத்திப் போட்டுத்தான் பேர் சொல்லுறியள்."

அவள் பக்கென்று சிரித்துவிட்டு, உடனே வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிற உரிமை தனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

"வடிவான்னா என்னங்க?"

"வடிவா எண்டால்... நல்லா, கவனமா. 'வடிவா யோசியுங்கோ' எண்டால் நல்லா யோசிங்க எண்டு." நிறுத்தினான். "மற்ற அர்த்தமும் இருக்குத்தான். அதை நான் சொல்லேல்லை."

"சொல்லலையா?"

"அப்ப சொல்லேல்லை."

தூறல் அவன் இமையில் நின்றது. அவள் அவசரமாக ஆற்றைப் பார்த்தாள். 'அப்ப' சொல்லவில்லையாம்... அந்த ஒரு வார்த்தையை மனசு எடுத்து மடித்து வைத்துக்கொண்டது.

பேச்சு வந்துவிட்டது. அவன் ஊர் பருத்தித்துறை. துபாயில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. அல்கூஸில் கம்பெனி கொடுத்த அறை.

"ஊரையெல்லாம் மேல ஏத்திவிடுற வேலை!"

"ஓம். லிஃப்ட் பழுதெண்டால் நான் மட்டும் படியால ஏறோணும்."

"கஷ்டமா இருக்காதா?"

"பழகிட்டுது. எந்த நேரமும் அந்த லிஃப்ட் குழிக்குள்ள நிண்டு மேல பாத்துக்கொண்டு நிக்கிறது. அதான், ஒருநாள் கடலைப் பார்ப்பம் எண்டு வந்தனான். எங்கட வீட்டு வாசல்ல கடல்." நிறுத்தினான். "கராமாவில ஒரு யாழ்ப்பாணக் கடை இருக்கு. லீவெண்டால் அங்க போய்ப் புட்டும் சம்பலும் சாப்பிடுவன். இந்தமுறை கடல் வேணும்போல கிடந்தது."

"அதுக்கு இந்தச் சட்டையா? கண்ணு கூசுது..."

"அம்மா அனுப்பினவ." அவன் சட்டை நுனியைப் பிடித்துப் பார்த்துக்கொண்டான். "எப்பவும் இப்பிடி நிறத்திலதான் எடுத்து அனுப்புவா. எந்தக் கூட்டத்துக்குள்ளயும் நான் தெரியோணுமாம்."

வேடிக்கையாகத்தான் தொடங்கினான். ஆனால் அதற்குமேல் குரல் இறங்கிவிட்டது.

"அண்ணா ஒருத்தன் இருந்தவன். எனக்குப் பதினாறு வயசேக்க... ரோட்டில மறிச்சு அடையாள அட்டையை வாங்கினவங்கள். நான் பக்கத்திலதான் நிண்டனான். 'நீ வீட்ட போ' எண்டு என்னை அனுப்பிப் போட்டாங்கள். அவனை அனுப்பேல்லை." செந்நீர் ஓடிக்கொண்டிருந்தது. "இண்டுவரைக்கும் வரேல்லை. அதுதான்... சீருடையைக் கண்டால், அட்டையைக் கேட்டால்... கை தன்ர பாட்டில ஆடும். இந்த ஊர்ப் பொலிஸ் ஒண்டும் செய்யாது எண்டு எனக்குத் தெரியும். கைக்குத் தெரியாது."

என்ன சொன்னாலும் பொய்யாகிவிடும் என்று நாகவள்ளிக்குத் தோன்றியது. தடுப்புக் கம்பியில் இருந்த அவன் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். தொடவில்லை. பக்கத்தில்... அவ்வளவுதான்.

அவன் அந்தக் கையைப் பார்த்தான். நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தான். அதில் நிறைந்திருந்த தண்ணீரைப் பார்த்தான்.

அவன் முகம் மாறிவிட்டது. மறுபடியும் அந்தக் கதவு சாத்தப்படுவதை அவள் கண்ணெதிரே பார்த்தாள்.

"விசர்க் கதை. ஏன் சொன்னன் எண்டே தெரியேல்லை. ஒருத்தருக்கும் சொன்னதில்லை," என்றான் அவசரமாக. "வாங்கோ, பஸ் வெளிக்கிடப்போகுது."

ஷார்ஜாவில் இறங்கும்போது விளக்குகள் போட்டிருந்தார்கள். ஈர ரோட்டில் எல்லா விளக்குகளும் தலைகீழாக மிதந்தன. அவள் துணிந்து கேட்டாள்.

"உங்க நம்பர் தர்றீங்களா?"

அவன் ஒரு கணம் தயங்கினான்... அந்தத் தயக்கத்தில் அவளுக்கு உயிர் போய் வந்தது.

"வேண்டாம், நாகவள்ளி. என்னை நினைச்சுக் கவலைப்படாதேங்கோ. நீங்கள் செய்தது பிழையில்லை. தனியா வாற பொம்பிளை அப்பிடித்தான் கவனமா இருக்கோணும்." கொஞ்சம் சிரித்தான். "போட்டு வாறன்."

போட்டு வாறன் என்றவன் வரவில்லை.

நாட்கள் போயின. கட்டில், பஸ், மெட்ரோ, கடை. எல்லாம் பழையபடிதான். ஆனால் அவள் பழையபடி இல்லை. தேராவின் கூட்டத்தில் எங்காவது பச்சை தெரிந்தால் கழுத்து தானாகத் திரும்பியது. படகுத்துறையில் ஒரு பச்சைத் துணி... அது யாரோ விரித்த குடை. மெட்ரோவில் ஒரு பச்சை... அது யாரோ ஒருவர் தூக்கிப்போன பை. லிஃப்டில் ஏறும்போதெல்லாம் காலுக்குக் கீழே அந்தக் குழியில் யாரோ நின்று மேலே பார்ப்பது போலிருக்கும்.

"நீ ஆகெ மாறிப்போயி," என்றாள் கூட வேலை பார்க்கிற காசர்கோட்டுக்காரி ஸஹ்ரா. "இன்னிக்கு ஒரு கஸ்டமருக்கு வலது கண்ணை ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணினே. பாவம், அவர் பயந்துபோயிட்டார்!"

நாகவள்ளி எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கேட்டு முடித்த ஸஹ்ரா, கண்ணாடி துடைக்கிற துணியை அவள் மேல் வீசினாள்.

"அவன் நம்பர் தரலைன்னா நீ போய்க் கண்டுபிடிக்க மாட்டியா? கோர்ஃபக்கான் முழுக்க அவன் பின்னாடி போனவள்தானே நீ!"

அடுத்த லீவில் நாகவள்ளி கராமா போனாள். சந்து சந்தாக விசாரித்து அந்த யாழ்ப்பாணக் கடையைக் கண்டுபிடித்தாள். புட்டும் சம்பலும் வாங்கிக் கண்ணில் நீர் வரச் சாப்பிட்டாள். சம்பல் காரம்தான்... வேறொன்றுமில்லை. அவன் வரவில்லை. காலியான தட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்வது? கல்லாவில் இருந்த பெரியவரிடம் போனாள்.

"லிஃப்ட் வேலை பாக்குற ரூபன்னு ஒருத்தர் வருவாரா?"

"ஓம், பச்சைச் சட்டை. ஏன் பிள்ளை, ஏதும் பிரச்சினையோ?"

அவள் தன் கடையின் விலாசச் சீட்டை நீட்டினாள்.

"அவருக்குக் கண்ணுல கோளாறு இருக்கு. முன்னாடி நிக்கிற ஆள் தெரிய மாட்டேங்குது. டெஸ்ட்டுக்கு வரச் சொல்லுங்க."

பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "விளங்குது, பிள்ளை," என்றார். "வடிவாச் சொல்லுறன்."

சொல்லிவிட்டு வந்தாள். ஆனால் வருவானா? வராவிட்டால்? ஊருக்குப் போன் செய்தால் அம்மா, "ஏண்டி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டாள். சளி என்றாள். எத்தனை நாளைக்குத்தான் சளி என்று சொல்வது?

அவன் ஒரு மாலையில் வந்தான். பச்சை இல்லை, மஞ்சள் சட்டை. எலுமிச்சை மஞ்சள். கடையே பளிச்சென்று ஆனது. ஸஹ்ரா ஒரே பார்வையில் புரிந்துகொண்டு, "உள்ளே போங்க, டெஸ்ட் ரூம்!" என்று அவனைத் தள்ளாத குறையாக அனுப்பினாள்.

சின்ன அறை. ஒரு நாற்காலி, எதிரே வெளிச்சத்தில் எழுத்துப் பலகை. அவன் உட்கார்ந்தான். அவள் விளக்கைக் குறைத்தாள். கைக்குத் தெரிந்தது வேலைதான்... அதைச் செய்தாள். அவன் இடது கண்ணை மறைத்தாள்.

"வாசிங்க."

வாசித்தான். மேலிருந்து கடைசி வரிவரைக்கும், தடங்கலே இல்லாமல்.

"கீழ அச்சடிச்ச கம்பெனி பேரும் கிடக்கு. அதையும் வாசிக்கட்டோ?"

"வேணாம்." சிரிப்பை விழுங்கினாள். "நேரா பாருங்க. அசையாதீங்க."

கண்ணுக்குள் பார்க்கிற சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு குனிந்தாள். அவன் வலது கண்ணுக்கு நேராகத் தன் வலது கண். ஒரு சாண் தூரம்கூட இல்லை. ஆயிரம் பேரிடம் இப்படிக் குனிந்திருக்கிறாள். ஒருநாளும் தன் மூச்சின் சத்தம் அவளுக்குக் கேட்டதில்லை. கருவிழி... அதற்குள் மெல்லிய செம்பொன் வெளிச்சம்... அஸ்தமனத்தில் மலைகளுக்கு நடுவே தெரிகிற வானம் மாதிரி. விளக்கு லேசாக ஆடியது.

"உங்கட கை நடுங்குது," என்றான் மெதுவாக.

"ஆமா."

"என்ன தெரியுது உள்ள?"

"ஒண்ணும் தெரியல. கதவைச் சாத்தியே வச்சிருந்தா எப்படித் தெரியும்?"

அந்த அரையிருட்டில், நேராகப் பார்த்தபடியே அவன் சொன்னான்.

"அண்டைக்கு நான் நடுங்கினதை நீங்கள் பாத்தனீங்கள். பிறகு கதையையும் கேட்டு, கண் கலங்கினீங்கள். ஒரு ஆம்பிளைக்கு... தனக்குப் பிடிச்ச பிள்ளைக்கு முன்னால அப்பிடி நிண்டால்... உங்கட இரக்கம் எனக்கு வேண்டாம், நாகவள்ளி. அதுக்காகத்தான் வரேல்லை. வரக்கூடாது எண்டுதான் இருந்தனான்."

"இரக்கமா?" அவள் விளக்கை இறக்கினாள். குரல் உடைந்தது. "தேராவுல ஒரு பச்சைத் துணி விடாம பாத்துட்டேன் நான். ஒருத்தர் குடையைக்கூட நீங்கன்னு நெனச்சு ஓடியிருக்கேன். தெரியாத கடையில போய் அந்தச் சம்பலைத் தின்னுட்டு உக்காந்திருந்தேன். இரக்கப்பட்டா யாராச்சும் இப்படி லூசு மாதிரி அலைவாங்களா? சொல்லுங்க!"

அவன் அவளையே பார்த்தான்.

"எனக்குத் தைரியமான ஆளெல்லாம் வேணாங்க. கை நடுங்குனா பக்கத்துல என் கை இருக்கணும். அவ்வளவுதான் வேணும் எனக்கு." சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "பிடிச்ச பிள்ளைன்னு... ஏதோ சொன்னீங்களே... எப்பலேர்ந்து?"

"பொலிஸிட்ட என்னைக் கை நீட்டிக் காட்டேக்க."

"பொய்!"

"உண்மையா. ஆர் இந்தப் பெட்டை, இப்பிடி நெருப்பு மாதிரி நடந்து போகுது எண்டு... பயத்துக்குள்ளயும் அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்." அவன் எழுந்தான். இரண்டடி அறையில் அதற்குமேல் போக இடமில்லை. "நாகவள்ளி... உங்களில எனக்கு விருப்பம். சரியான விருப்பம். அம்மாட்டச் சொல்லவோ?"

விருப்பம். அவள் ஊரில் சாப்பாட்டுக்கும் சட்டைக்கும் சொல்கிற வார்த்தை. அவன் வாயில் அது காதல் என்று ஆகிவிட்டது. அவளுக்குக் கண் கரித்தது. ஆனால் இந்த முறை அவன் கதவைச் சாத்தவில்லை. கையை நீட்டினான். அது கொஞ்சம் நடுங்கியது. அவள் பிடித்துக்கொண்டாள்.

"எங்க அம்மாகிட்டயும் சொல்லணும்," என்றாள். "ஸ்ரீலங்காக்காரர்னதும் முதல்ல கத்தும். அப்புறம் உங்க பேச்சைக் கேட்டுட்டு உங்க பக்கம் சாஞ்சிடும்."

"நீங்கள்?"

"நான் எப்பவோ சாஞ்சாச்சு..."

கதவு தட்டும் சத்தம். வெளியே ஸஹ்ரா, சிரிப்பை அடக்கிய குரலில். "நாகா! கழிஞ்ஞோ? இங்கே ஆள் வெயிட்டிங்!"

நாகவள்ளி அவன் கையை விடவில்லை. கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இல்ல ஸஹ்ரா... ஒரு கண்ணுதான் முடிஞ்சிருக்கு. இன்னொரு கண்ணு பாக்கி இருக்கு."